7 கிலோ போதும். மகளைப் புறப்பட விடுங்கள்

ஏர் ஏசியாவில் தனிக் கட்டணம் இல்லாமல் கையோடு கொண்டுபோக அனுமதிக்கும் எடை 7 கிலோ. தோளில் மாட்டும் பை ஒன்று, கைப்பை ஒன்று, இரண்டும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மாதக்கணக்கில் வெளியூரில் தங்கப்போகும் பெண்ணுக்கு இது எப்படிப் போதும் என்று எங்கள் ஊரான மலேசியாவின் பீடோர் கடைத்தெருவில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. போதும். அதற்கு மேல் எடுத்துப்போவது அவளுக்குத்தான் கெடுதல் என்றும் சொல்வேன்.

நான் தையல்காரி. தீபாவளி வரைக்கும் ரவிக்கை, பஞ்சாபி உடை என்று இரவு பகலாக மெஷின் ஓடும். கடைசி ஆர்டரைக் கொடுத்த கையோடு கடையைச் சாத்திவிட்டுப் புறப்பட்டுவிடுவேன். ஒரு வருஷம் தாப்பா ரோட்டில் ரயில் ஏறி, பாடாங் பெசார் வழியாகத் தாய்லாந்து. இன்னொரு வருஷம் திருச்சியில் இறங்கி, மதுரை, ராமேஸ்வரம், அப்படியே வடக்கே. சீனப் புத்தாண்டு நெருங்கும்போது திரும்பி வருவேன். செலவு கையைக் கடிக்கக்கூடாது என்பதால் ரயிலில் மேல் படுக்கை, ஊரில் டவுன் பஸ், பல பேர் சேர்ந்து தங்கும் விடுதி. துணைக்கு யாரும் வருவதில்லை.

இப்போது கடைக்கு வரும் இளம்பெண்கள் பலருக்கும் இந்த ஆசை இருக்கிறது. “அக்கா, நானும் ஒரு ரெண்டு மாசம் போய்ட்டு வரணும்” என்று அளவு கொடுத்துக்கொண்டே சொல்வார்கள். ஆசையை வீட்டில் தடுக்காவிட்டாலும் பையில் தடுத்துவிடுகிறார்கள். குட்டி ரைஸ் குக்கர், மைலோ, கெட்டிப் போர்வை, மூன்று ஜோடி செருப்பு, கல்யாணத்துக்கு யாராவது கூப்பிட்டால் கட்ட ஒரு பட்டுப் புடவை. எல்லாவற்றுக்கும் அம்மா சொல்வது ஒன்றுதான்: “எதுக்கும் இருக்கட்டும்.” பை 20 கிலோவைத் தாண்டும். பிறகு அவளை ஏற்றிவிட ஓர் ஆள், இறக்கிவிட ஓர் ஆள். தனியாகப் போக வேண்டும் என்று கிளம்பியவள், தனியாக நகரவே முடியாதவளாகிவிடுகிறாள்.

இது இன்றைய கதை இல்லை. 1888-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை, உலகத்தைச் சுற்றிவர அனுப்புங்கள் என்று தன் பத்திரிகையைக் கேட்டபோது, பெண்ணுக்குத் துணை வேண்டும், போதாததற்குப் பெட்டி பெட்டியாகச் சாமான் வேண்டும், அதைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குக் கப்பல் மாற முடியாது என்று மறுத்தார்கள். மறு ஆண்டு நவம்பரில் அவர் புறப்பட்டது ஒரே ஒரு கைப்பையோடு. தினமும் போட்டாலும் மூன்று மாதம் தாங்கக்கூடிய ஓர் உடையைத் தையல்காரரிடம் சொல்லி ஒரே நாளில் தைத்து வாங்கி, அதையே உடுத்திக்கொண்டு கப்பல் ஏறினார். வெப்பமான ஊர்களுக்கென்று மெல்லிய உடை ஒன்றும் தைத்திருந்தார். பைக்குள் அடங்கவில்லை, விட்டுவிட்டுப் போனார். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் பக்கமாகவே வந்து, 72 நாளில் நியூயார்க் திரும்பினார். ஒரு தையல்காரியாக எனக்கு இதில் பெருமை உண்டு: நன்றாகத் தைத்த ஓர் உடை ஒரு பெண்ணை உலகம் சுற்ற வைக்கும்.

நம் பெண்களின் பையில் அவர்களுடைய சாமான் பாதிதான் இருக்கும். மீதி மற்றவர்களுடையது. தமிழ்நாட்டுக்குப் போகிறாள் என்று தெரிந்தால் போதும், சித்திக்குக் கோடாலித் தைலம், மாமா வீட்டுக்கு மைலோ, யாரோ ஒருவருக்கு நெஸ்காஃபே என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். திரும்பும்போது குத்துவிளக்கு, பித்தளைச் சொம்பு, நாலு வீட்டுக்குச் சேலை. என் அண்ணன் சென்னைக்குப் போனபோது அவர் கையில் யாரும் ஒரு தைலப் புட்டிகூடக் கொடுத்துவிடவில்லை. சுமப்பது பெண்கள் வேலை என்றே ஆகிவிட்டது. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஓடி, பால் வாளிகளைச் சுமந்து, வீட்டுக்கு வந்தால் தண்ணீரும் விறகும் சுமந்தவர். அவர் வயதுப் பெண்கள் சுமந்தது எதுவும் அவர்களாகத் தேர்ந்தெடுத்தது இல்லை. அவர்கள் மகள்களாவது தம் பையில் எது போக வேண்டும் என்று தாமே முடிவு செய்யட்டும்.

எடை குறைவது முதுகுக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் நல்லது. தமிழ்நாட்டில் ஒரு கோயில் நகரத்து லாட்ஜில், தனியாக வந்த பெண் என்று தெரிந்தபின் அங்கிருந்த ஆள் ராத்திரியில் ஏதோ சாக்குச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவன் கீழே இறங்கிப் போன சத்தம் கேட்டதும் எழுந்தேன். காய்ந்துகொண்டிருந்த துணியைச் சுருட்டிப் பைக்குள் போட்டு, பையை மாட்டி, படியிறங்கி, நேரே ரயில் நிலையத்துக்கு நடந்து மகளிர் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தேன். இழுக்க முடியாத பெட்டி இருந்திருந்தால், விடியட்டும் என்று அந்த அறையிலேயே கிடந்திருப்பேன். பிடிக்காத இடத்தைவிட்டு அந்த நிமிஷமே கிளம்ப முடிவதுதான் தனியாகப் போகும் பெண்ணுக்குப் பெரிய பாதுகாப்பு. கனமான பெட்டி வைத்திருப்பவள், “நான் தூக்குறேன்மா” என்று வரும் எந்த ஆளையும் நம்பியாக வேண்டும். கிடைத்த டாக்சியில் கேட்ட காசைக் கொடுத்து ஏற வேண்டும்.

சரி, பையில் என்ன போகும்? உடுத்தியிருப்பதைத் தவிர இரண்டு மேல்சட்டை, ஒரு கால்சட்டை, உள்ளாடைகள், ஒரு துப்பட்டா. துப்பட்டா அமிர்தசரஸின் தர்பார் சாகிப்பில் தலையை மூடும், பேங்காக் கோயிலில் தோளை மூடும், குளிர்சாதன ரயில் பெட்டியில் போர்த்திக்கொள்ள உதவும். துணியை எடுக்கும்போது அழகைவிட, காயும் நேரத்தைப் பாருங்கள். ஜீன்ஸ் நம் ஊர் ஈரத்தில் ஒரு ராத்திரியில் காயாது. மெல்லிய பருத்தி காயும். டர்க்கி டவலை வீட்டில் வைத்துவிட்டு ஈரிழைத் துண்டு ஒன்று கொண்டுபோங்கள். அலசிய துணியை அந்தத் துண்டுக்குள் வைத்துச் சுருட்டி முறுக்கினால் பாதித் தண்ணீர் துண்டுக்கு வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பாத்தேக் கைலி. பொதுக் குளியலறைக்கு மார்பில் கட்டிக்கொண்டு போகலாம். இரண்டடுக்குக் கட்டிலில் கீழ்ப்படுக்கை கிடைத்தால் மேல் கம்பியில் மாட்டித் திரையாக்கலாம். விரிப்பு, போர்வை, உடை மாற்ற மறைவு எல்லாம் அதுவே. தோட்டத்துப் பெண்கள் முழுக்கைச் சட்டைக்குக் கீழே கட்டிக்கொண்டு வேலைக்குப் போன அதே கைலிதான். தாராளமாக அரை நாளில் காய்ந்துவிடும்.

பணத்துக்கும் கடப்பிதழுக்கும் உள்பை தைத்துக்கொள்ளுங்கள். கடப்பிதழின் அளவு 12.5-க்கு 8.8 செண்டிமீட்டர். பாப்ளின் துணியில் 15-க்கு 11 வருகிற மாதிரி, ஓரம் மடிக்க ஒவ்வொரு பக்கமும் ஒரு செண்டிமீட்டர் கூட விட்டு வெட்டுங்கள். சாட்டின் வேண்டாம், வழுக்கும். கால்சட்டையின் இடுப்புப் பட்டிக்குக் கீழே, முன்பக்கம், உள்ளே வைத்து இரட்டைத் தையல் போடுங்கள். வாய்க்கு இரண்டு பிரஸ் பட்டன் போதும். ஜிப் தோலை உரசும், ஒட்டுப்பட்டி திறக்கும்போது சத்தம் போட்டு ஊரைக் கூட்டும்.

மாதவிலக்கைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். நீண்ட பயணத்தில் பையை அடைப்பது நாப்கின் கட்டுகள்தான். மாதவிடாய்க் கப் கைக்குள் அடங்கும், பல வருஷம் உழைக்கும். உலகம் முழுக்க நடந்த 43 ஆய்வுகளை, சுமார் 3,300 பெண்களின் அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்து, இது பாதுகாப்பானது என்று லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழ் 2019-இல் வெளியிட்டது. அதே காலத்தில் கேரளாவின் ஆலப்புழை நகராட்சி ‘திங்கள்’ திட்டத்தில் 5,000 பெண்களுக்கு இதை இலவசமாகக் கொடுத்தது. அங்கே முடிந்தது நம் வீட்டிலும் முடியும். ஒன்று மட்டும்: பயணத்தில் முதல் தடவை முயலாதீர்கள். வீட்டில் சில மாதம் பழகி, கொதிக்க வைத்துக் கழுவும் வழக்கம் கைவந்த பிறகு கொண்டுபோங்கள். ஒத்துவராதவர்கள் நாப்கினைப் போகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்க முடியாதவை சிலதான். தினமும் சாப்பிடும் மாத்திரையும் அதற்கு டாக்டர் எழுதிய சீட்டும், உபரி மூக்குக்கண்ணாடி, கடப்பிதழின் நகல், உங்கள் உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் பிரா. மற்றதெல்லாம் ஹட்யாய் சந்தையிலும் தி.நகரிலும் கிடைக்கும். ஷாம்பு புட்டி எதற்கு? இந்தியாவில் திரவத்தைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டியதே கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன்தான். இன்று தமிழ்நாட்டின் எந்தப் பெட்டிக்கடையிலும் அது தொங்குகிறது.

“காசு இருக்கிறவங்களுக்கு இது சரி, நாங்க திரும்ப வாங்க முடியுமா?” என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. இல்லாமையில் வளர்ந்த நம் அம்மாக்கள் பிஸ்கட் டின்னைக்கூடத் தூக்கி எறியாததற்குக் காரணம் இருந்தது. ஆனால் பட்ஜெட் பயணத்தில் கணக்கு வேறு மாதிரி வரும். விமானத்துக்கு விமானம் பெட்டிக்குக் கட்டும் கட்டணம், டவுன் பஸ்ஸைவிட்டு ஏறும் டாக்சி, பொருள் வைப்பறை வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசில் 200 வெள்ளியைத் தனியாக எடுத்து அவசரத்துக்கு வைத்தால், மறந்துபோன எதையும் வாங்கிக்கொள்ளலாம். பயன்படாமல் போன போர்வையை வீட்டுக்குத் திருப்பிச் சுமக்க வேண்டும். செலவாகாத காசு அடுத்த ஊருக்கு டிக்கெட் ஆகும்.

புறப்படும் பெண்ணுக்கு நான் சொல்வது: பையைக் கட்டி முடித்ததும் மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கினால் திறந்து, சாமானை வெளியே எடுங்கள். பெற்றோருக்கு: மகள் பையில் உங்கள் பயத்தை அடைக்காதீர்கள். நீங்கள் வாங்க நினைத்த ரைஸ் குக்கரின் காசை அவள் கையில் கொடுங்கள். உறவினருக்கு: தைலம் வேண்டுமென்றால் தபாலில் அனுப்புங்கள். அவள் ஊர் பார்க்கப் போகிறாள்.