நாலு கிலோமீட்டர் ஓடும் டீசல் காடி

கிள்ளானைச் சேர்ந்த ஓர் ஆசிரியை அனுப்பிய கேள்வி இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய டீசல் எஸ்யுவி ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். இதுவரை ஓடியது 118,000 கிலோமீட்டர். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஒரு பெட்டி, அதற்குள் புள்ளிகள் என்று ஒரு படம். ஒரு பட்டறையில், புகை வடிகட்டி போய்விட்டது, புதிதாக மாற்ற 11,500 வெள்ளி ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு பட்டறையில், "உள்ள இருக்கிறத காலி பண்ணிட்டு கம்ப்யூட்டர்ல ஆஃப் பண்ணிடலாம் டீச்சர். 1,200 வெள்ளிதான், இனிமே லைட்டே வராது" என்றார்களாம். கணவருக்கு இரண்டாவது யோசனைதான் பிடித்திருக்கிறது. "எதைச் செய்வது சார்?" என்று கேட்டிருந்தார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், முதலில் தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள், கடைசியாக நிற்காமல் நீண்ட தூரம் போனபோது விளக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள் என எழுதினேன். பதில் வந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கு நாலு கிலோமீட்டர். மாலையில் பிள்ளைகளின் டியூசன், வார இறுதியில் பசார். தீபாவளிக்கு ஈப்போவுக்குப் போனபோது, தஞ்சோங் மாலிம் தாண்டியதும் விளக்கு தானாக அணைந்துவிட்டதாம். திரும்பி வந்து இரண்டு வாரத்தில் மறுபடி எரிந்திருக்கிறது.

அந்தக் காடியின் நோய் ஏறக்குறைய அந்தப் பதிலிலேயே இருந்தது. எப்படி என்று சொல்ல, வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டி.பி.எஃப். என்பது புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு பீங்கான் தேன்கூடு. அதன் துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி அடைக்கப்பட்டிருக்கும். அதனால் புகை நேராக வெளியேற முடியாது. துளைச் சுவரின் வழியாகக் கசிந்துதான் போக வேண்டும். காற்று போய்விடும், கரி தங்கிவிடும். 2000-ஆம் ஆண்டில் பெஜோ 607 காரில் இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. 2009-இல் ஐரோப்பாவில் யூரோ 5 விதி வந்தபோது, டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியேற்றலாம் என்றிருந்த கரித்துகள் அளவு 0.025 கிராமிலிருந்து 0.005 கிராமாக இறங்கியது. அதன் பிறகு வடிகட்டி இல்லாமல் அங்கே டீசல் கார் விற்க முடியாத நிலை.

தங்கிய கரியை என்ன செய்வது? எரித்துவிட வேண்டும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது புகையின் சூட்டிலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். அது போதாதபோது காடியின் கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து, வடிகட்டியை 600 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி மிச்சத்தை எரிக்கும். பட்டறைகளில் இதற்குப் பெயர் ரீஜென். முடிய பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். நாலு கிலோமீட்டர் பயணத்தில் எஞ்சின் சூடேறுவதற்கே பாதித் தூரம் போய்விடும். ரீஜென் தொடங்கும் நேரத்தில் பள்ளி வாசல் வந்துவிடும், சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். நாளைக்கும் அதே கதை.

விறகடுப்பு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றையும் எளிதாகச் சொல்லிவிடலாம். கரி எரியும், சாம்பல் எரியாது. எஞ்சின் எண்ணெயில் சேர்க்கப்படும் கால்சியம், துத்தநாகம் போன்றவை எரிந்து சாம்பலாக மாறி வடிகட்டியில் தங்கும். எத்தனை ரீஜென் நடந்தாலும் அது போகாது. கழற்றிக் கழுவினால்தான் உண்டு, இல்லையென்றால் மாற்ற வேண்டும். ஆனால் சாம்பல் நிறைய நல்ல எண்ணெயோடு ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பிடிக்கும். ஆசிரியையின் காடியில் விளக்கு தஞ்சோங் மாலிமில் அணைந்தது என்றால் அடைத்திருந்தது கரி. சாம்பலாக இருந்திருந்தால் பினாங்கு வரை போனாலும் அணைந்திருக்காது.

ஊகத்தை வைத்துக்கொண்டு யாரையும் செலவு செய்யச் சொல்லக் கூடாது. அதனால் ஓபிடி புளூடூத் கருவி ஒன்றை வாங்கச் சொன்னேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும், அதில் செருக வேண்டியதுதான். சாதாரணக் கருவி நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். உங்கள் காடியின் மாடலுக்கு ஏற்ற செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டால் நான்கு எண்களைப் பார்க்கலாம்: வடிகட்டியில் உள்ள கரியின் அளவு, கடைசி ரீஜெனுக்குப் பின் ஓடிய தூரம், வடிகட்டியின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாடு, எஞ்சின் குளிர்நீரின் வெப்பம். எல்லாச் செயலியும் எல்லாக் காடிக்கும் ஒத்துவராது. வாங்குமுன் அதே மாடல் வைத்திருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நன்றாக ஓடும் காடியில் சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு ரீஜென் நடக்கும். அந்த இடைவெளி வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கரி அதிகமாக உற்பத்தியாகிறது. ரீஜெனே நடக்காமல் தூரம் ஏறிக்கொண்டே போனால் ஏதோ அதைத் தடுக்கிறது. ஆசிரியையின் கணவர் அனுப்பிய படத்தில் 1,140 கிலோமீட்டர் என்று இருந்தது. குளிர்நீரின் வெப்பமோ, கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓடும்போதும் 68 பாகையைத் தாண்டவில்லை. 85, 90-ஐத் தொட வேண்டிய இடம் அது. எஞ்சின் போதுமான அளவு சூடேறவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்தால் ரீஜெனைத் தொடங்காது.

மூன்றாவதாக ஒரு போமனிடம் போனார்கள். திறந்தபடியே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டை அவர் மாற்றினார். பிறகு ஸ்கேனரை வைத்துப் பட்டறையிலேயே ஒரு ரீஜென் செய்தார். மொத்தச் செலவு 640 வெள்ளி. 11,500 கொடுத்துப் புது வடிகட்டி போட்டிருந்தால் அதே தெர்மோஸ்டாட் அதையும் அடைத்திருக்கும்.

வடிகட்டியை மாற்றச் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஏன் அடைத்தது?" ஒழுகும் இன்ஜெக்டர், மாட்டிக்கொண்ட இஜிஆர் வால்வு, கிழிந்த டர்போ ஹோஸ், அழுத்தத்தை அளக்கும் சென்சருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயில் வெடிப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பதில் சொல்லாத பட்டறையில் காடியை விட்டுவிட்டு வராதீர்கள்.

ரீஜென் நடக்கும்போது காடி தானே காட்டிக்கொடுக்கும். சிவப்பு விளக்கில் நிற்கையில் எஞ்சின் வழக்கத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றும், நின்றால் தானே அணையும் வசதி வேலை செய்யாது, எண்ணெய்ச் செலவு திடீரென ஏறும். காடியை அணைத்த பிறகும் விசிறி உறுமிக்கொண்டிருக்கும், சூடான வாடை வரும். வீட்டு வாசலில் இதைக் கவனித்தால் அணைக்காமல் இன்னும் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். நேரமில்லை என்றால் காய்ந்த லாலாங் புல்லின் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். அந்தக் குழாயின் சூடு தீப்பிடிக்க வைக்கும்.

விளக்கு நிதானமாக எரிந்தால் நெடுஞ்சாலைக்குப் போங்கள். கிள்ளான் வட்டாரத்துக்காரர்கள் ஷா ஆலாமில் எலிட் நெடுஞ்சாலையில் ஏறி நீலாய் வரை போய் வரலாம். 80, 90 கிலோமீட்டர் வேகம், ஒரு கியர் குறைவாக வைத்து 2,000 சுற்றுக்கு மேல். டாங்கில் எண்ணெய் அடிமட்டத்தில் இருந்தால் பல மாடல்களில் ரீஜென் நடக்காது, நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். விளக்கு சிமிட்டினாலோ, எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, இழுவை குறைந்தாலோ நெடுஞ்சாலை வைத்தியம் வேண்டாம். அளவுக்கு மீறிய கரி ஒரே மூச்சில் எரிந்தால் பீங்கானே உருகி வெடிக்கும்.

எஞ்சின் எண்ணெய் விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் சிக்கனம் எனக்குப் புரிவதே இல்லை. காடிக்கு மாதத் தவணை கட்டுகிறோம், ஆனால் எண்ணெய் மாற்றும்போது டிரம்மில் இருப்பதை ஊற்றச் சொல்கிறோம். வடிகட்டி உள்ள காடிக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும். டப்பாவில் ஏசிஇஏ சி2, சி3 என்றோ ஜப்பானியக் காடிகளுக்கு டிஎல்-1 என்றோ இருக்கும். எது என்று கையேடு சொல்லும். டிப்ஸ்டிக்கையும் மாதம் ஒருமுறை பாருங்கள். அளவு குறைந்தால் பயப்படும் நாம், ஏறினால் மகிழ்ந்துவிடுகிறோம். பாதியில் நின்ற ஒவ்வொரு ரீஜெனிலும் தெளித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயோடு கலக்கும். மேல் கோட்டைத் தாண்டிய எண்ணெய் மெலிந்த எண்ணெய், அது எஞ்சினைத் தின்றுவிடும். 2021 ஏப்ரல் முதல் நம் நிலையங்களில் யூரோ 5 டீசல்தான், கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு மட்டுமே. ஆகவே எண்ணெய் நிலையத்தைக் குறை சொல்ல இப்போது வழியில்லை.

இனி அந்த 1,200 வெள்ளி யோசனை. உள்ளே காலி செய்தால் விளக்கு வராதுதான், இழுவைகூடக் கூடும். கரி எங்கே போகும்? டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. அந்த ஆசிரியையின் காடி தினமும் காலை ஏழு மணிக்கு எஞ்சின் ஓடியபடி நிற்கும் இடம் ஒரு தமிழ்ப்பள்ளியின் வாசல். குழந்தைகளின் மூக்கு நிற்கும் உயரமும் புகைக்குழாயின் உயரமும் அதிக தூரமில்லை. இதை எழுதியபோது கணவர் மறுபேச்சுப் பேசவில்லை.

அவர்களுக்கு நான் சொன்ன கடைசி விஷயம் கொஞ்சம் கசப்பானது. தெர்மோஸ்டாட் சரியானாலும் நாலு கிலோமீட்டர் பயணம் மாறப்போவதில்லை. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட முடியாத குடும்பத்துக்கு டீசல் காடி பொருந்தாது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியபோதே மலிவு என்ற காரணமும் போய்விட்டது.

பழைய டீசல் காடி பார்க்கப் போகிறவர்கள் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைசி ரீஜென் எப்போது, கரி எவ்வளவு, எண்ணெய் மாற்றிய ரசீதில் எந்த எண்ணெய் என்று பாருங்கள். புகைக்குழாயின் வாயில் விரலை விட்டுத் தடவுங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது. வடிகட்டி வேலை செய்யும் காடியில் விரல் ஏறக்குறையச் சுத்தமாக வெளியே வரும். மையாகக் கறுத்து வந்தால் அந்த வடிகட்டியை யாரோ ஏற்கெனவே காலி செய்திருக்கலாம். விலை பேசுவதற்கு முன் காடியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.