சுவிட்ச் போர்டுக்கு ஒரு வக்காலத்து

வீட்டுப் பொருட்களிலேயே ஜனநாயகமானது எது என்று கேட்டால் சுவிட்ச் என்பேன். ஐந்து வயதுக் குழந்தை நாற்காலி போட்டு ஏறித் தட்டினாலும், எண்பது வயதுப் பாட்டி சுவரைத் தடவிக்கொண்டே வந்து தட்டினாலும் விளக்கு ஒரே மாதிரிதான் எரியும். நேற்று ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை. பாஸ்வேர்டு கேட்காது, ஓடிபி கேட்காது, "புதிய பதிப்பைத் தரவிறக்குங்கள்" என்று ராத்திரி இரண்டு மணிக்கு உங்களைப் பாத்ரூம் வாசலில் நிறுத்தி வைக்காது.

இந்த சுவிட்ச்சைத்தான் 'பழசு' என்று சொல்லி நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். தீபாவளித் தள்ளுபடி வந்தால் போதும், "ஐயாயிரம் ரூபாயில் உங்கள் முதல் ஸ்மார்ட் ஹோம்" என்று வீடியோக்கள் கிளம்பிவிடும். எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே பட்டியல்: நாலு வண்ண பல்பு, ரெண்டு ஸ்மார்ட் பிளக், ஒரு பேசும் ஸ்பீக்கர், ஒரு கேமரா. மென்பொருள் எழுதிச் சம்பாதிப்பவன் நான். தானியங்கிக் கருவிகள் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. என் சண்டை இந்தப் பட்டியலோடு. இது உங்கள் வீட்டின் கட்டளையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைக்கிறது. வீட்டுக்குள் மிச்சமிருப்பதை ஒரே ஒருவர் கையில் கொடுக்கிறது. இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த ஐயாயிரம்.

பக்கத்து அறைக்கு வெளியூர் வழியாகத் தபால்

மலிவான வைஃபை பல்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நீங்கள் சோபாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள், தலைக்கு மேல் பல்பு. ஃபோனில் தட்டுகிறீர்கள். அந்தத் தட்டல் பெரும்பாலும் ரவுட்டர் வழியாக வெளியேறி, எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அது உங்கள் கணக்கைச் சரிபார்த்து, அதே ரவுட்டர் வழியாக பல்புக்கு ஆணை அனுப்புகிறது. பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவை வெளியூருக்குத் தபால் போட்டுக் கூப்பிடுவது மாதிரி. வேகமாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பெட்டியின் மேல் இந்தியப் பெயர் இருந்தாலும், உள்ளே சீனாவின் ஹாங்சோவைச் சேர்ந்த டூயா நிறுவனத்தின் தளத்தில் ஓடும் பல்புகள் சந்தையில் நிறைய உண்டு. பெயர்கள்தான் பல, சர்வர் ஒன்று.

"அட, வேலை செய்யுதுல்ல, அப்புறம் என்ன?" என்பீர்கள். செய்யும்வரை செய்யும். ரிவால்வ் என்றொரு ஹப் இருந்தது, 299 டாலர். 2014இல் நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. கருவியில் ஒரு பழுதும் இல்லை, ஆனாலும் அது வெறும் டப்பாவானது. விங்க் 2020இல், மாதம் ஐந்து டாலர் கட்டாவிட்டால் சேவை இல்லை என்று ஏற்கெனவே விற்ற கருவிகளுக்கே அறிவித்தது. இன்ஸ்டியான் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் சர்வரை அணைத்தது. பெல்கின் தன் வீமோ கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31தான் கடைசி நாள் என்று 2025இல் சொன்னது.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இன்ஸ்டியான் இருண்டபோதும், வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அதன் சுவிட்ச்சுகள் எரிந்து அணைந்துகொண்டுதான் இருந்தன. வீமோவிலும் ஆப்பிள் ஹோம்கிட் வழியாக வீட்டுக்குள்ளேயே இயங்கக்கூடியவை தப்பித்தன. யார் தயாரித்தது என்பதைவிட, கட்டளை எங்கே குடியிருந்தது என்பதுதான் ஆயுளைத் தீர்மானித்தது.

இதில் சதி எதையும் தேட வேண்டாம், எளிய கணக்குதான். சர்வருக்கு மாதாமாதம் வாடகை உண்டு. நீங்களோ பல்புக்கு ஒரே ஒரு முறை அறுநூறு ரூபாய் கொடுத்தீர்கள். அந்த அறுநூறில் பத்து வருட சர்வர் வாடகை இருக்க வாய்ப்பே இல்லை. ஒன்று, உங்களிடம் சந்தா கேட்க வேண்டும். அல்லது உங்கள் தகவலை விற்க வேண்டும். அல்லது கடையை மூட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று வரும் என்பது விற்கும்போதே எழுதப்பட்டிருக்கிறது. பெட்டியின் மேல் மட்டும் எழுதியிருக்காது.

கரண்ட் போய் வந்தால்

நம்மூர் நிலவரத்துக்கு வருவோம். ராத்திரி மூணு மணிக்குக் கரண்ட் போய் வருகிறது. பல ஸ்மார்ட் பல்புகளுக்குத் தொழிற்சாலை அமைப்பே 'மின்சாரம் வந்தால் எரி' என்பதுதான். நீங்கள் அணைத்துவிட்டுத் தூங்கிய நான்கு பல்பும் முழுப் பிரகாசத்தில் எரியும். மாற்றும் வசதி சில செயலிகளில் உண்டு, ஏதோ ஒரு மூலையில்.

அடுத்து, பல்புக்குள் கணினி இருப்பதால் சுவர் சுவிட்ச் எப்போதும் ஆனிலேயே இருக்க வேண்டும். பழக்க தோஷத்தில் யாராவது அணைத்துவிட்டால் பல்பு செத்த பல்பு. அதனால் சுவிட்ச் மேல் டேப் ஒட்டி, "யாரும் ஆஃப் பண்ணாதீங்க" என்று எழுதி வைக்கும் வீடுகள் இருக்கின்றன. வேலை செய்துகொண்டிருந்த ஒரு கருவியை முடக்கினால்தான் இன்னொன்று வேலை செய்யும் என்றால், அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைக்கலாமா?

மின்சாரம் மிச்சமாகும் என்ற வாதத்தையும் பார்த்துவிடலாம். அணைந்திருக்கும்போதும் ஸ்மார்ட் பல்பு வைஃபையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு அரை வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 12 வாட்-மணி. சாதாரண 9 வாட் எல்இடி பல்பை ஒரு மணி நேரம் அணைக்க மறந்தால் வீணாவது 9 வாட்-மணி. அதாவது தினமும் ஒரு மணி நேரம் மறதியாக இருப்பவர்கூட, சாதாரண பல்பு வைத்திருந்தால் குறைவாகத்தான் வீணடிக்கிறார். பத்து பல்புக்கு இரண்டு மாத பில்லில் ஏழு யூனிட், எரியாமல் இருப்பதற்கே.

வீட்டுக்கு யார் அட்மின்?

பல்பு போனால் போகிறது, குப்பையில் போடலாம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஸ்மார்ட் வீட்டில் ஒரு முதன்மைக் கணக்கு உண்டு. அதை உருவாக்குபவர் பெரும்பாலும் வீட்டின் 'டெக்னிக்கல்' ஆள், பெரும்பாலும் ஆண். மற்றவர்களுக்கு அவர் அனுமதி கொடுத்தால் உண்டு, மறந்தால் இல்லை. அவர் ஆபீஸில் இருக்கும்போது மனைவி ஃபோன் பண்ணி, "என்னங்க, ஹால் லைட் எரிய மாட்டேங்குது, கொஞ்சம் போட்டு விடுங்க" என்று கேட்கும் நிலையை மீம் போட்டுச் சிரிக்கிறோம். தன் வீட்டு விளக்குக்கு இன்னொருவரிடம் மனு போடும் நிலை அது.

மனுவோடு நிற்காமல் இது எங்கே போகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2018இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு விரிவான செய்தியை வெளியிட்டது. அமெரிக்காவில் குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் அமைப்புகளுக்கு வரும் அழைப்புகளில் புதிய வகைப் புகார்கள். ஏசி தானாக மாறுகிறது, கதவின் எண்பூட்டுக் குறியீடு தினமும் மாறுகிறது, அழைப்பு மணி அடிக்கிறது, வாசலில் ஆளில்லை. வீட்டை விட்டு வெளியேறிய ஆண் வீட்டின் கணக்கை விட்டு வெளியேறவில்லை. அந்தப் பெண்களிடம் சுவிட்ச் இருந்தது, அதற்கு அதிகாரம் இல்லை.

கேமராவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அமேசானின் ரிங் நிறுவனம் மீது குற்றம் சாட்டியது: வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட வீடியோக்களை ஊழியர்கள் பார்க்க முடிந்தது, ஒருவர் பெண்களின் படுக்கையறை, குளியலறைக் காட்சிகளைத் தேடிப் பார்த்திருக்கிறார். 58 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். நம் ஊரில் அதே கேமராவை ஹாலில் வைப்பதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் என்ன? "வேலைக்கு வர்ற அக்காவப் பாத்துக்கலாம்." அந்த அக்காவிடம் யார் அனுமதி கேட்டார்கள்? பாத்திரம் துலக்கும்போது முகம் துடைத்துக்கொள்ள ஒரு நிமிடம் உட்கார்ந்தால், அது ஆபீஸில் இருக்கும் ஒருவரின் ஃபோனில் 'அசைவு இல்லை' என்று பதிவாகும். ஸ்மார்ட் ஹோம் பற்றிய வாங்கும் வழிகாட்டிகளில் அவர் ஒருபோதும் பயனராக வருவதில்லை. கண்காணிக்கப்படும் பொருளாக வருகிறார்.

சரி, அப்போ என்னதான் வாங்குறது?

பட்டியலைத் தலைகீழாகப் போடுங்கள்.

முதலில் உங்கள் மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியன்கள் பழக்கத்தில் இஎல்சிபி என்பார்கள். 30 மில்லிஆம்பியர் கசிவைக் கண்டதும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஈரக்கையோடு வாட்டர் ஹீட்டரைத் தொட்ட உயிரைக் காப்பாற்றக்கூடியது. உணர்கிறது, முடிவெடுக்கிறது, செயல்படுகிறது, வைஃபை இல்லை. ஓரிரு ஆயிரம் ரூபாய்க்கு இதைவிட புத்திசாலியான கருவியை நான் பார்த்ததில்லை. இது இல்லாத வீட்டில் வண்ண பல்பு வாங்குவதை நான் ஆடம்பரம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அலட்சியம் என்பேன்.

இரண்டாவது, மாடித் தொட்டி. "டேங்க் நிரம்பி வழியுது, மோட்டார ஆஃப் பண்ணுங்க" என்ற குரல் கேட்காத தெரு உண்டா? இதற்கு மிதவை சுவிட்ச் கொண்ட வாட்டர் லெவல் கன்ட்ரோலர் போதும். செயலி வேண்டாம். எச்சரிக்கையாக ஒன்று: மோட்டாரை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். பிளக்கின் உள்ளே இருக்கும் சின்ன ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டால் ஃபோனில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, மின்விசிறி. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் முப்பது சொச்சம். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு முப்பது யூனிட் அளவில் மிச்சம். நிஜமான சிக்கனம் இங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பிறகும் ஆசையும் பணமும் மிச்சமிருந்தால் தானியங்கி விளக்குக்கு வாருங்கள். பல்பை விட்டுவிட்டு சுவிட்ச்சைப் புத்திசாலியாக்குங்கள். சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் பொருத்தும் சின்ன ரிலே கிடைக்கிறது. சுவரில் தட்டினாலும் எரியும், ஃபோனில் தட்டினாலும் எரியும். இதற்கு நியூட்ரல் வயர் தேவை. நம் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயின்ட்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் அங்கேயே கிடைக்கும். எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். வாடகை வீடு என்றால் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

மூளைக்கு, அலமாரியில் தூங்கும் பழைய லேப்டாப் போதும். ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறமூல மென்பொருள் 2013இலிருந்து வளர்ந்து வருகிறது, இலவசம். அதில் ஒரு ஜிக்பீ யுஎஸ்பி குச்சியைச் செருகினால் சென்சார்களும் ரிலேக்களும் வைஃபை இல்லாமல், இணையம் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். பாட்டி ராத்திரி எழுந்து நடந்தால் வராந்தா விளக்கு மெல்ல எரிய ஒரு அசைவு சென்சார் போதும். கேமரா வேண்டாம்.

"இதெல்லாம் இன்ஜினியருக்குச் சரி"

இந்த ஆட்சேபம் நியாயமானது. ஹோம் அசிஸ்டன்ட் நிறுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எல்லோருக்கும் அந்த ஞாயிறு கிடைப்பதில்லை. ஆனால் என் பட்டியலின் முதல் மூன்றுக்குக் கணினியே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். நான்காவதுக்கு நேரமில்லாதவர் மேட்டர் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். 2022 அக்டோபரில் வந்த இந்தப் பொதுத் தரம் உள்ளூர் வலையமைப்பில் இயங்குவதையே அடிப்படையாகக் கொண்டது. அதுவும் முடியாது என்றால் எதுவும் வாங்காமல் இருக்கலாம். சுவிட்ச் இருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. படுக்கையில் இருப்பவருக்கு, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, குரலால் விளக்கைப் போட முடிவது சுதந்திரம். முழுக்க ஒப்புக்கொள்கிறேன்; சுவிட்ச் எட்டாத உயரத்தில் இருப்பதும் ஒரு விலக்கல்தான். அப்படியானால் அந்த வசதி அவருடைய மொழியில் இருக்க வேண்டும். 2019இல் அலெக்ஸா இந்தி கற்றுக்கொண்டபோது தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. பாட்டி விளக்குப் போட ஆங்கிலம் பேச வேண்டும் என்றால் யாருக்காக அந்த ஸ்பீக்கர்? அவர் படுக்கையோரம் ஒட்டி வைக்கும் ஒற்றை ஜிக்பீ பட்டன் எல்லா மொழியும் பேசும். அமுக்கினால் விளக்கு, இரண்டு முறை அமுக்கினால் அடுத்த அறையில் மணி.

ஆகவே வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டியைக் கிழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள். எல்லாம் மாட்டி முடித்த அன்று சாயங்காலம் ரவுட்டரை அணைத்துவிட்டு, வீட்டில் ஃபோன் பழக்கம் குறைந்தவர் யாரோ அவரிடம் எதுவும் சொல்லாமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், வேலைக்கு வரும் அக்கா உட்பட, எந்தக் கருவி தன்னைப் பார்க்கிறது, கேட்கிறது என்று சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றில் தோற்றாலும், பெரும்பாலான கடைகள் திருப்பி அனுப்பச் சில நாள் அவகாசம் தருகின்றன.