பத்து ரூபாய்க்கு விற்கப்பட்டவர் பெயரில் ஆயிரம் ரூபாய்

மாரியூரில் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளின் செல்போனில் மாதாமாதம் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுகிறது. வங்கியில் அரசின் உதவித்தொகை ஆயிரம் ரூபாய் ஏறியிருக்கும். அம்மா உப்பளத்தில் வாருபலகை பிடித்துக் கை காய்த்துப்போனவள். அந்த வீட்டுக்கு அது பஸ் காசு, பரீட்சைப் பணம்.

போன வாரம் அப்படி ஒரு பிள்ளையிடம், "மூவலூர் இராமாமிர்தம் யாரு தாயி?" என்று கேட்டேன். "திட்டத்தோட பேருதானேய்யா" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய நாம் சொல்லவில்லை.

இராமாமிர்தம் 1883இல் பிறந்தவர். சிறு வயதில் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தாசி வீட்டில் கொடுக்கப்பட்ட குழந்தை. வளர்ந்ததும் அந்த வாழ்க்கையை உதறி, பாட்டுச் சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையையே மணந்துகொண்டார். தன்னைப் போன்ற பெண்களை மீட்க மேடையேறினார். முதலில் காங்கிரஸ்; 1925இல் பெரியாரோடு வெளியேறினார். நாடக மேடையில் இருந்தபோது எதிரிகள் அவர் கூந்தலை அறுத்தார்கள். அதன்பின் முடி வளர்க்காமல், கிராப்புத் தலையோடே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படித் தெருவில் நடக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

1936இல், 53 வயதில், 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை எழுதினார். பிரசங்க நெடி அடிக்கும் நடைதான். ஆனாலும் பக்தி, கலை என்று பூசி மறைத்த வியாபாரத்தை உள்ளே வளர்ந்தவரே உடைத்துச் சொன்ன எழுத்து வேறு எங்கே கிடைக்கும்? சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி வாதாடியதை இவர் தெருவில் வாதாடினார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது.

அதற்கு முன்பே, 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தார். அவ்வாண்டே சிறை. 1962இல் மறைந்தார்.

1989இல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2022இல் அது உயர்கல்வி உதவியாக, புதுமைப்பெண் திட்டமாக மாறியது. தாலிக்குத் தருவதைவிடப் படிப்புக்குத் தருவதே அவர் பெயருக்குப் பொருத்தம் என்பேன்.

கடலாடி, சாயல்குடி, இராமநாதபுரம் நூலகர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த நாவலை வாங்கி வையுங்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் மாதப் பணம் ஏறும் நாளில், ஒரு வகுப்பு நேரம் ஒதுக்கி அவர் கதையைச் சொல்லுங்கள்.