பேணியும் தானியமும்

மேலைநாடுகளில் பியரை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. பிரித்தானியாவில் அதற்கென இருந்த அனுமதிக் கட்டணம் 1963ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழிவிட்டது. இக்கலையைத் தொடங்குவோர் பலரும் முதலில் நாடுவது ஒரு தகரப் பேணியை. வாற்கோதுமையின் முளைச்சாற்றைச் சுண்டவைத்த பாகு அதனுள் இருக்கும். பேணியைத் திறந்து, பாகை வெந்நீரிற் கரைத்து, ஆறியபின் கூடவே வந்த மதுவத்தைத் தூவிக் காத்திருந்தாற் போதும். ஆயினும் உண்மை ஆர்வமுடையோர் அவ்விடத்திலேயே நின்றுவிடுவதில்லை. 'இந்தப் பாகு எவ்வாறு உண்டாயிற்று?' என்னும் வினா ஒருநாள் அவர் உள்ளத்தில் எழுகிறது. எழுந்ததும் பேணியை ஒதுக்கிவிட்டுத் தானியத்தையே தேடிச் செல்கின்றனர்.

அந்த ஓரடியைப் பற்றியே நான் இங்கு எழுத விரும்புகிறேன். குடியைப் புகழ்வது என் நோக்கமன்று. சம்பள நாளின் மாலையில் தவறணை வாசலைக் கடந்து வீடு திரும்பும் தாய்மாரைக் கண்ட எவருக்கும் ஊவாவில் இருந்துகொண்டு குடியைப் புகழ மனம் வாராது. பேணியை விட்டுத் தானியத்துக்குச் செல்லும் துணிவு அறிவின் துணிவாகும். அது நமக்கும் வேண்டும் என்பதே என் வாதம்.

தானியம் தன்னுள் மாப்பொருளைப் பூட்டி வைத்திருக்கிறது. நீரில் ஊறி முளைவிடும்போது அதனுள் நொதியங்கள் பெருகுகின்றன. இளமுளை உண்பதற்காக மாப்பொருளைச் சர்க்கரையாக்கித் தருவதே அவற்றின் தொழில். முளை நீளுமுன் உலர்த்திவிட்டால் அத்தொழில் பாதியில் நிற்கும். அவ்வாறு உலர்த்திய தானியமே மோல்ட். அதை உடைத்து, ஏறத்தாழ 65 முதல் 68 பாகை செல்சியஸ் வரையுள்ள நீரில் ஒருமணி நேரம் வைத்தால், நின்ற தொழில் மீண்டும் தொடங்கும். சூடு சற்றுத் தாழ்ந்தால் மதுவம் தின்னத்தக்க சர்க்கரை மிகுந்து பானம் மெலியும். சற்று உயர்ந்தால் மதுவம் தீண்டாத பகுதி எஞ்சி அது கனக்கும். மிக உயர்ந்தாலோ நொதியமே அழியும். மாப்பொருள் முழுதும் மாறிற்றா என்பதை ஒரு துளி அயடீன் காட்டிக்கொடுக்கும். மாறாதிருந்தால் துளி கருநீலமாகும். பிறகு சாற்றை வடித்து, ஹொப்ஸ் என்னும் கைப்புப் பூவை இட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, மதுவத்தைச் சேர்ப்பர்.

பழுப்பு ஏல் என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1927இல் விற்பனைக்கு வந்த பியர் ஒன்றால் இவ்வகை பெரும்புகழ் பெற்றது. அதில் பெரும்பகுதி வெளிறிய மோல்ட்டே. சுட்ட ரொட்டியின் மேற்பட்டையை நினைவூட்டும் மணமும் பழுப்பு நிறமும், சிறிதளவே சேரும் வறுத்த மோல்ட்டால் வருவன. எதை எவ்வளவு வறுப்பது, எந்தச் சூட்டில் ஊறவைப்பது என்னும் தீர்மானங்கள் தானியத்தில் தொடங்குபவன் கையில் உள்ளன. பேணியைத் திறப்பவனுக்கோ அவற்றுட் பெரும்பாலானவற்றை வேறொருவர் முன்பே தீர்மானித்து அடைத்துவிட்டார்.

இது நமக்குப் புறம்பான செய்தி என்று எண்ணுதல் வேண்டா. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பைக் காட்டும் பகுதியை நினைவுகூருங்கள். அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். அகன்ற வாயுடைய கலத்தில் அதை ஆற்றுகிறார்கள். புற்றாஞ்சோறு போன்ற முளையடையை அதனோடு கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் முதிரவிட்டுப் பின் வடிக்கிறார்கள். வேகவைத்த மாப்பொருள், முளையின் நொதியம், ஆற்றும் பக்குவம், காலக்கணக்கு ஆகிய எல்லாமே அங்கு முறை பிறழாமல் உள்ளன. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள் முதலாக அச்சில் நம் கண்முன் கிடக்கும் செய்தி இது. நம் வகுப்பறைகளிலோ 'இது கள் வகை' என்று ஒரு சொல்லிற் பொருளுரைத்து அப்பால் நகர்கிறோம். உரை கற்கிறோம், பொருளைக் கற்பதில்லை. அதுவும் ஒருவகைப் பேணியே அன்றோ!

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருட் பலர், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய பகுதிகளின் வறண்ட நிலத்து மக்கள். கேழ்வரகும் கம்பும் அவர்கள் ஊர்களில் விளைந்த தானியங்கள். தோட்டம் அவர்களுக்கு அரிசியை அளந்து கொடுத்துச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. பின்னாளில் கோதுமை மா ரொட்டி அன்றாட உணவாயிற்று. விதைத்து, முளைகட்டி, இடித்து உண்ணும் தொடர்ச்சி லயத்து வாழ்வில் அறுந்தது. குரக்கன் என்று பெயர் மாறிய அதே கேழ்வரகு, இதே ஊவாவின் மொனராகலைச் சேனைகளில் விளைகிறது. நம் அடுப்படிக்கோ அது அரிதாகவே வந்து சேருகிறது.

குடியிலும் இதுவே நடந்தது. போத்தல் தவறணையிலிருந்து வருகிறது; இன்றேல் கசிப்பு புதர் மறைவிலிருந்து வருகிறது. உள்ளிருப்பது யாது என்பதைக் குடிப்பவன் அறியான். நாம் மதுவை வெறுத்தோம், வெறுத்தது சரியே. ஆனால் வெறுப்போடு சேர்த்து நொதித்தல் என்னும் அறிவையே கைகழுவிவிட்டோம். அதைக் கைக்கொண்டவன் கசிப்புக் காய்ச்சுபவன். ஓர் அறிவை ஆசிரியன் கைவிட்டால் அது அழிந்துபோவதில்லை. தகாதவன் கையிற் சேர்கிறது.

'அப்படியாயின் லயத்தில் பியர் ஆக்கச் சொல்கிறீரா?' என்று அன்பர் ஒருவர் வினவலாம். இல்லை. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டம் அனுமதிப்பத்திரமின்றி மது ஆக்குவதை இந்நாட்டில் தடுக்கிறது. அத்தடை நம் தோட்டங்களில் தளர வேண்டும் என்று நான் கோரவில்லை. ஆனால் பியரின் முற்பாதி மது அன்று. முளைகட்டுதல், உலர்த்துதல், இடித்தல், இளஞ்சூட்டில் மாப்பொருளைச் சர்க்கரையாக்குதல் என்னும் இவற்றில் போதை எங்கே உள்ளது? மதுவம் சேரும்வரை அது இனிய கஞ்சியே. உகண்டா முதலிய நாடுகளில் குரக்கனை முளைகட்டிப் பியர் ஆக்குகின்றனர். நம் பாட்டிமார் அதே குரக்கனை அதே முறையில் முளைகட்டிக் குழந்தைக்குக் கூழ் ஆக்கினர். வழி பிரியும் இடம் வரையில் அறிவு ஒன்றே.

அந்த முற்பாதி நமக்கு ஏன் வேண்டும்? 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவாய்வின்படி, தோட்டப் பகுதியின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். நாடு முழுவதும் இது ஏறத்தாழ அறுவரில் ஒருவர் என்ற அளவே. இதற்குக் காரணங்கள் பல. கூலியும் குடியிருப்பும் அவற்றுள் முதன்மையானவை. ஆயினும் கஞ்சியின் தன்மைக்கும் இதில் பங்குண்டு. மாவை அதிகம் இட்டால் கூழ் இறுகிக் குழந்தையால் விழுங்க முடியாது. நீரை அதிகம் விட்டால் வயிறு நிறையும், உடல் நிறையாது. இறுகிய கூழில் முளைகட்டிய குரக்கன் மாவை ஒரு கரண்டி கலந்தால், நொதியம் அதை நெகிழச் செய்கிறது. ஆகவே அதே கோப்பையில் கூடுதலான தானியத்தை ஊட்ட இயலும். பியர் ஆக்குபவன் கலத்தில் நிகழும் அதே மாற்றந்தான் இது.

பதுளையின் ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. இறுக்கமான குரக்கன் கூழை இரு கோப்பைகளில் எடுங்கள். கை பொறுக்காத சூடு இருக்கும்போதே ஒன்றில் மட்டும் முளைமாவைக் கலந்து, சிறிது நேரம் பொறுத்து இரண்டையும் சாய்த்துக் காட்டுங்கள். ஒன்று ஓடும், மற்றொன்று அசையாது. அயடீனும் இருந்தால் நிறமாற்றத்தையும் காட்டலாம். வீட்டில் குழந்தைக்கு ஊட்டுவதாயின் முளைமா கலந்த கூழை மீண்டும் நன்கு கொதிக்கவைத்தே தருதல் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். முளைகட்டும் ஈரத்தில் கிருமியும் வளரும். அதே வாரத்தில் தமிழாசிரியர் பெரும்பாணாற்றுப்படையின் அப்பகுதியை எடுத்துரைக்கட்டும். இலக்கியம் ஆய்வுகூடத்தையும், ஆய்வுகூடம் அடுப்படியையும் அன்று சந்திக்கும்.

அடைத்துக் கொடுத்ததைத் திறந்து பயன்படுத்தும் பழக்கம் நம் உணவிலும் கல்வியிலும் வேரூன்றிவிட்டது. குறிப்புப் புத்தகம் ஒரு பேணி. மனனம் செய்த வரைவிலக்கணம் ஒரு பேணி. அவற்றை எறிந்துவிடச் சொல்லவில்லை; தொடங்குவோர்க்கு அவையும் வேண்டும். ஆனால் பேணிக்கு முன்னால் ஒரு தானியம் இருந்தது என்பதை நம் மாணவன் அறியவேண்டும். ஒருபிடி குரக்கனை நனைத்துத் துணியிற் கட்டிவைத்து, மறுநாள் அவனே அவிழ்த்துப் பார்க்கட்டும்.