காற்று வடிகட்டியும் கடன் புத்தகமும்

புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு ஊடாக எழுவன்குளம் நோக்கிப் பயணம் செய்தவர்களுக்குச் செம்மண் தூசியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் முன்னால் ஒரு லொறி போனால், பின்னால் வருபவருக்குப் பாதை தெரியாது. கரைத்தீவுப் பக்கம் திரும்பினாலோ, அந்தச் செம்மண்ணோடு கடற்கரை மணலும் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கின்றன. எமது வெள்ளை அங்கி இந்தப் பாதையில் ஒரு நாளாவது வெள்ளையாகவே வீடு திரும்பியதாக நினைவில்லை.

அங்கியைத் துவைத்துவிடலாம். வாகனத்தின் எஞ்சினைத் துவைக்க முடியாது. 2.5 லீற்றர் டீசல் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுழலும்போது, அந்த ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 2,500 லீற்றர் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு வரும் மணல் துகளில் இருப்பது பளிங்குக் கல்லின் பொடி. அது இரும்பிலும் கடினமானது. தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரோன். எஞ்சினுக்கு அதிக தீங்கு செய்யும் துகளோ ஐந்து முதல் இருபது மைக்ரோன் அளவே உடையது, தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாதது. அது உள்ளே புகுந்து ஒயிலுடன் கலந்தால், பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் இடையில் அரத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இம்மாவட்டத்தில் தஞ்சம் புகுந்த விவசாயக் குடும்பங்களில் பல, இன்று தனியாகவோ கூட்டாகவோ ஒரு பழைய பிக்கப்பை நம்பி வாழ்கின்றன. தேங்காயும் மரமுந்திரிகையும் வெங்காயமும் கருவாடும் சந்தைக்குப் போவது அதில்தான். அந்த வண்டி நகையை அடகு வைத்தோ, லீசிங்கிலோ வாங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் அது மெல்ல மெல்லத் திறந்துவிடப்பட்டது. இடையில், 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பழைய வண்டிக்கும் உதிரிப்பாகத்துக்கும் என்ன விலை ஏறிற்று என்பதைக் கடன் புத்தகம் வைத்திருப்பவர்கள் எம்மிலும் நன்கு அறிவர். இந்நிலையில் ஓர் எஞ்சினைப் பறிகொடுப்பது என்றால் வண்டியைப் பறிகொடுப்பதுதான். தவணை மட்டும் மிஞ்சும்.

இங்குதான் உதிரிப்பாகக் கடைக்காரரின் இனிய பேச்சு வந்து சேர்கிறது. பழைய காகித வடிகட்டியைத் தூக்கி எறியுங்கள். அது எஞ்சினின் மூச்சை அடைக்கிறது. இதோ பளபளக்கும் கூம்பு. எண்ணெய் தடவிய பஞ்சுத் துணியால் ஆனது. கழுவிக் கழுவி ஆயுள் முழுதும் பாவிக்கலாம். இழுவையும் கூடும், டீசலும் மிச்சம். நாமும் இந்தப் பேச்சுக்கு ஒருமுறை செவி கொடுத்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். எமது நிலையத்தின் பிக்கப்புக்கு அப்படியொன்றைப் பூட்டினோம். சத்தம் கம்பீரமாக இருந்தது. இரண்டு கோடை கழிவதற்குள் காலையில் எஞ்சின் பற்றப் பஞ்சிப்பட்டது, நீலப் புகை கக்கியது, ஒயில் மூடியைத் திறந்தால் புகை முகத்தில் அடித்தது. கராஜில் குழாயைக் கழற்றிய மெக்கானிக் வடிகட்டிக்கு அப்பால் இருந்த சுத்தமான பக்கத்தில் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனி சிவந்திருந்தது.

நியாயமாகப் பேசினால் அவ்வகை வடிகட்டி மோசடிப் பொருளல்ல. தார் வீதியில் ஓடும் பெற்றோல் வாகனத்துக்கும் பந்தய வாகனத்துக்கும் அதற்குரிய இடம் உண்டு. ஆனால் காற்றை இலகுவாக விடும் இடைவெளி தூசியையும் இலகுவாக விடும். கழுவி, உலர்த்தி, அளவாக எண்ணெய் பூசி மாட்டவும் வேண்டும். எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே. கூடினால், புதிய ரக வண்டிகளில் காற்றை அளக்கும் மெல்லிய கம்பியில் அது படிந்து வேறு கோளாறு. எஞ்சின் அறைக்குள் திறந்த கூம்பாகப் பூட்டினால் அது இழுப்பதும் சூடான, அடர்த்தி குறைந்த காற்றைத்தான்.

இழுவை கூடும் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம்மவரிடம் உள்ள பழைய டீசல் எஞ்சின்களில் எக்சிலேட்டரை மிதித்தால் கூடுவது டீசலின் அளவே. காற்று வரும் வழி எப்போதும் திறந்தே கிடக்கிறது. டீசல் பம்பைத் தொடாமல் வடிகட்டியை மட்டும் மாற்றிவிட்டு, மூடை ஏற்றிய வண்டி மேட்டில் பாய்ந்து ஏறும் என்று எதிர்பார்க்க முடியாது.

முசலிப் பக்கத்தில் வயல் செய்து, 1990இல் உழவு இயந்திரத்தையும் விட்டுவிட்டு வந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “பாதர், எங்கட மெசியில ஒரு ஒயில் கிண்ணம் இருந்திச்சு. விதைப்புக் காலத்தில ரெண்டு நாளைக்கு ஒருக்கா வாப்பா அதைக் கழுவி, புது ஒயில் ஊத்திப்போட்டுத்தான் சோத்துக்கு உட்காருவார்” என்றார். மெசி பேர்குசன் 35, 135 ஆகிய உழவு இயந்திரங்களில் அந்தக் கிண்ணம்தான் காற்று வடிகட்டி. அடியில் படியும் சேற்றைக் கண்ணால் கண்டதால், அது இல்லாவிட்டால் சேறு எங்கே போயிருக்கும் என்று எவரும் கேட்கவில்லை. அமெரிக்காவிலும் இக்கதை உழவு இயந்திரத்தில்தான் தொடங்கியது. 1915இல் டொனால்ட்சன் என்ற உழவு இயந்திர விற்பனையாளர், யூட்டா மாநிலத்தில் ஒரு விவசாயியின் இயந்திரம் தூசியால் பழுதாவதைக் கண்டு, கம்பிக் கூட்டில் துணி சுற்றி ஒரு வடிகட்டியைச் செய்து கொடுத்தார். அவர் பெயரிலான நிறுவனம் இன்றும் வடிகட்டி செய்கிறது.

ஆகவே எமது கருத்து இதுதான்: வண்டியோடு வந்த பெட்டியையும் குழாயையும் அப்படியே வைத்துக்கொண்டு, அந்த வண்டிக்கென்றே செய்த காகித வடிகட்டியை வாங்குங்கள். கம்பனிப் பெயர் பொறித்ததுதான் வேண்டுமென்பதில்லை. நம்பகமான வேறு தயாரிப்பும் போதும். போலிப் பெட்டியில் வருவதுதான் ஆபத்து. கடையிலேயே அதைக் கையில் எடுத்து, மடிப்புகள் நெருக்கமாகவும் சமமாகவும் இருக்கின்றனவா, றப்பர் விளிம்பு மெத்தென்று சுற்றிலும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பு சரியாகப் பொருந்தாத உயர்ந்த வடிகட்டியைவிட, சரியாகப் பொருந்தும் சாதாரண வடிகட்டி மேல். பல வண்டிகளில் பெட்டியின் அடியில் தூசியைக் கொட்டுவதற்கு ஒரு றப்பர் வாய் இருக்கும். அது கிழிந்தால் கம்பித் துண்டால் கட்டிவிடுகிறார்கள், அல்லது வெறும் ஓட்டையாக விடுகிறார்கள். அதன் விலை அற்பம். கையில் பணம் மிஞ்சினால், தூசியைச் சுழற்றி வெளியே தள்ளும் முன்வடிகட்டியைக் குழாயின் வாயில் பூட்டலாம். கூம்புக்குச் செலவழிப்பதைவிட அது எவ்வளவோ நல்லது.

குழாயின் வாயைக் கீழே இறக்காதிருப்பதும் முக்கியம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கலா ஓயா பெருகியதை மறந்திருக்கமாட்டோம். தாழ்ந்த வாய் வெள்ளத்தில் தண்ணீரைக் குடித்தால், தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது; பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும்.

சேவிஸ் நிலையத்தில் கொம்பிரசர் காற்றை முழு வேகத்தில் அடித்துக் காகித வடிகட்டியைச் சுத்தம் செய்ய விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் காகிதம் கிழியும். நிலத்தில் தட்டினால் விளிம்பு நெளியும். சற்றுத் தூசி பிடித்த வடிகட்டி புதியதைவிட நன்றாகவே வடிக்கும். எனவே நாள்தோறும் திறந்து பார்ப்பதும் வேண்டாத வேலை. சந்தேகம் வந்தால் இருட்டில் அதனுள் ஒரு மின்சூளைப் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊசி முனையாகத் தெரிந்தால் வடிகட்டி முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இது எம்மைப் போன்ற தொண்டு நிலையங்களுக்கு. கூட்டுறவுக் குழுவுக்கு வாகனக் கடன் கொடுக்கும்போது கையளிப்பு விழாவுக்கும் பெயர்ப் பலகைக்கும் பணம் ஒதுக்குகிறோம். முதலாண்டு வடிகட்டிக்கும் ஒயிலுக்கும் ஒதுக்குவதில்லை. தார் வீதி வாகனத்துக்கு எழுதிய சேவிஸ் அட்டவணையைச் செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்கும் அப்படியே கொடுத்துவிடுகிறோம். பிறகு எஞ்சின் போனால், மக்களுக்குப் பராமரிக்கத் தெரியவில்லை என்று அறிக்கை எழுதுகிறோம். அப்படியொரு அறிக்கையில் நாமும் கையொப்பமிட்டிருக்கிறோம்.

வரும் கோடைக்கு முன்னர், பிக்கப் வைத்திருக்கும் குழுக்கள் தமது வடிகட்டியின் இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், ஒரே இலக்கத்துக்குரியவர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம். விலையும் குறையும், போலியும் அகப்படாது. இலக்கம் பெரும்பாலும் பழைய வடிகட்டியின் விளிம்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். தூசியைத் துடைத்துவிட்டுப் பார்க்கவும்.