இருபுறமும் கருக்கு



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபைத் தாய் ஒருவர் என்னிடம் வந்தார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் பாமாவின் ‘கருக்கு’ நூலை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாளாம். “சபையைப் பழிக்கிற புத்தகமென்று சொல்லுகிறார்களே ஐயா, அவள் வாசிக்கலாமா?” என்றார்.

வாசிக்கட்டும் என்றேன். ஆலய வாசலில் நின்று சொன்ன அந்த விடை போதாது என்பதால் இதை எழுதுகிறேன்.

1992ஆம் ஆண்டு வெளிவந்த தன்வரலாற்று நாவல் அது. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த சிறுமியின் கதை. நன்றாகப் படித்து முன்னேறினால் இழிவு நீங்கும் என்கிறார் அண்ணன். அவளும் அப்படியே படிக்கிறாள். ஆயினும் விடுதியை நடத்தும் அருட்சகோதரி, வீட்டில் சோறில்லாதவர்கள் இங்கே வந்து கொழுக்கின்றனர் என்னும் பொருள்பட ஏசுகிறார். பின்னர் கல்லூரி நாட்களில், தம்பி தங்கையின் புதுநன்மைக்கு வீடு செல்ல அனுமதி கேட்கிறாள். வசதியுள்ள பிள்ளைகளுக்குக் கிடைத்த அனுமதி இவளுக்கு மறுக்கப்படுகிறது. உங்கள் சாதியில் புதுநன்மைக்கு என்ன கொண்டாட்டம் என்ற கருத்தில் கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. கர்த்தருடைய பந்தியைக் குறித்து, அவருக்கென்று தம்மை ஒப்புக்கொடுத்தவர்களே கேட்ட கேள்வியல்லவா அது!

இத்தனைக்குப் பின்னும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பணிசெய்ய விரும்பி அவரே கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கே செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே பணி நடப்பதைக் கண்டு, ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறினார். சபையை வெறுத்தவர் ஏழாண்டு அங்கே காத்திருப்பாரா?

முட்டத்தில் நம் அயலார் பெரும்பாலும் கத்தோலிக்கர். அவர்களைக் குறைகூற இந்நூலைக் கையில் எடுப்பது நமக்கு எளிது. அது தகாது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் நடத்திய விடுதிப் பள்ளியில் எழுத்தும் ரேந்தைப் பின்னலும் கற்ற பெண்களின் வழிவந்தது நம் சபை. 1859இல் தோள்சீலைக்கு அரசாணை கிடைக்கும்வரை நம் முன்னோர் பட்ட இழிவை ஆண்டுவிழாதோறும் பேசுகிறோம். பெண் பார்க்கப் போகும்போதோ, “அவர்கள் என்ன ஆட்கள்?” என்பதே முதற்கேள்வி. நம்மவர் கொடுக்கும் மணமகள் தேவை விளம்பரங்களை வாசித்துப் பாருங்கள். விசுவாசத்துக்குப் பக்கத்திலேயே சாதியும் அச்சாகியிருக்கும்.

கருக்கு என்பது பனைமட்டையின் ஓரத்துப் பல். பனையறியாதவர் நம்மில் யார்? மட்டையை எப்பக்கம் பிடித்தாலும் கை கிழியும். எபிரெயர் 4:12இல், தேவ வசனத்தைப் பட்டயத்தோடு ஒப்பிடுகிற இடத்தில், நம் தமிழ் வேதாகமமும் இச்சொல்லையே ஆளுகிறது. பாமாவும் தம் முன்னுரையில் அவ்வசனத்தைச் சுட்டுகிறார். அதைப் பிறரைக் கடிந்துகொள்ளவே நாம் பெரும்பாலும் எடுக்கிறோம். நானும் அவ்விதம் பிரசங்கித்ததுண்டு.

அந்தத் தாய், தாம் முதலில் வாசித்துவிட்டு மகளிடம் கொடுப்பதாகச் சொல்லிச் சென்றார். மகள் என்னிடம் வந்தால் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும்: நான் மணமுடித்துவைத்த தம்பதியரில் சாதி கடந்தவர்கள் எத்தனை பேர்? நேற்றிரவு எண்ணிப் பார்த்தேன். ஒரு கைவிரல்களே போதுமாயிருந்தன.