வெள்ளம் வந்தால் யார் ஊரைவிட்டுப் போவது?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் அடையாறு, கூவம் கரையோரக் குடும்பங்கள் ஊருக்கு வெளியே உள்ள பெரும்பாக்கத்துக்கு வண்டியேற்றப்பட்டன. அரசு சொன்ன காரணம், வெள்ள அபாயம். இறக்கிவிட்ட இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். அருகிலேயே செம்மஞ்சேரி, சுனாமிக்குப் பிறகு கடலோர மக்களைக் குடியமர்த்திய பகுதி. பெருமழை பெய்தால் அங்கே தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகும். ஆற்றிலிருந்து காப்பாற்றிச் சதுப்பில் கொண்டுபோய் விடுவதற்குப் பெயர் நகரத் திட்டமிடலாம்!

ஆற்றை அடைத்தது குடிசைகள் மட்டும்தானா? சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் குறுக்கேதான் போகிறது. ஏறத்தாழ 5,000 ஹெக்டேராக இருந்த பள்ளிக்கரணையில் இன்று சிறு பங்குதான் தேறும். போன இடத்தில் குப்பைக் கிடங்கும் கட்டடங்களும். 2015 வெள்ளம் மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று தணிக்கைத் துறையே அறிக்கை தந்தது. ஆனாலும் மூட்டை கட்டியவர்கள் கரையோர ஏழைகள்தான்.

கோட்டூர்புரத்தில் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கரையில் இருந்தவரை விடிந்ததும் நடந்தே போய், இரண்டு வீட்டுப் பாத்திரம் தேய்த்து, எட்டு மணிக்குள் திரும்பிப் பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார். பிறகு இன்னும் இரண்டு வீடு. பெரும்பாக்கத்திலிருந்து அது நடக்குமா? 2021இல் வந்த மகளிர் இலவசப் பேருந்து காசை மிச்சப்படுத்தியது, சரி. நேரத்தை யார் தருவது? அரிசியைக் கடனாகத் தரும் மளிகைக்காரர், சீட்டுப் பிடிப்பவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா, இவர்கள் யாரும் ஒதுக்கீட்டு ஆணையோடு வருவதில்லை. குலுக்கலில் வீடு கொடுத்தால் பழைய தெருவே எட்டு பிளாக்குகளுக்குச் சிதறிப்போகும்.

2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் இடிந்த குஜராத்தின் புஜ் நகரம் வேறு வழியில் போனது. பழைய நகரின் குறுகிய சந்துகளில் இடிபாடு அடைத்து மீட்புப் பணி முடங்கியது. சாலையை அகலப்படுத்தியே ஆக வேண்டும். அதற்கான நிலத்தை ஒரு தரப்பிடமிருந்து மட்டும் பறிக்கவில்லை. மனையின் அளவுக்கேற்ப எல்லோரிடமும் ஒரு பங்கு எடுத்தார்கள். பெரிய மனைக்கு 35 சதவீதம் வரை, மிகச் சிறிய மனைக்கு விலக்கு. பெரும்பாலானோருக்குப் பழைய இடத்திலோ அதன் அருகிலோ மனை திரும்பக் கிடைத்தது. அங்கும் குறை உண்டு: பட்டா இல்லாத வாடகைக் குடித்தனக்காரர்கள் ஊருக்கு வெளியே போக நேர்ந்தது. சென்னைக் கரையோரத்தில் பட்டா உள்ளவர் எத்தனை பேர்? ஆகவே புஜ் முறையை அப்படியே பெயர்த்து நடுவதில் பயனில்லை. இழப்பை எல்லோரும் பகிர வேண்டும் என்ற அதன் நியாயம்தான் நமக்கு வேண்டும்.

அது நமக்குப் புதிதும் அல்ல. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டுவதுதான் கொள்கை. நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏற ஏற அந்தக் கொள்கை ஊருக்கு வெளியே தள்ளப்பட்டது. சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் 2046 வரைக்குமானது. கரையைவிட்டு நகர்ந்தே தீரவேண்டிய குடும்பங்களுக்கு அவர்களின் வேலையிடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் நிலம் ஒதுக்குவதை அந்தத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். அடுத்த வெள்ளத்துக்குப் பின் நிலம் தேடினால், மறுபடியும் சதுப்பு நிலம்தான் கிடைக்கும்.